பிதற்றல் என்னுஞ் சொல்

மக்கள் ஒருவரையொருவர் இகழ்தற்கு எடுத்தாளுஞ் சொற்களுள் மிக எளிதாக வாயினின்றும் வெளிப்படுவது, 'இவன் பிதற்றுகின்றான்' என்பதாகும். ஒருவனைக் கள்வன் என்று கூறவேண்டுமாயின் களவுபோன பொருளைக் காட்டல் வேண்டும். பொய்யன் என்று கூறவேண்டுமாயின் மெய்யை எடுத்து நிறுவுதல் வேண்டும். பிதற்றுவோன் என்று கூறுதற்கோ யாதொரு சான்றும் வேண்டப்படுவதில்லை. கூறியவன் தன் வழியே சென்றுவிடலாம். கூறப்பட்டவன் அதன்பின் எதனைச் சொல்லினும் அதுவும் பிதற்றலாகவே கொள்ளப்படும். தன் வழக்கைத் தானே எடுத்துரைக்கும் வாயையே அடைத்துவிடும் ஆற்றல் இச்சொல்லுக்கு உண்டு. ஆதலின், இதன் பொருள் யாது, இதனோடு கிளைமையுடைய பிற சொற்கள் எவை, அவை எக்கருத்தினின்றும் தோன்றின, இதனை யார்மாட்டுச் சொல்லுதல் முறையாம் என்பவற்றை ஆராய்தல் வெறுஞ் சொல்லாராய்ச்சியாய் அமையாது, அறவாராய்ச்சியும் ஆகும்.

தமிழ்மொழிக்கண் பயனற்ற பேச்சைக் குறித்து வழங்குஞ் சொற்கள் பலவாம். குழறல், உளறல், அலப்பல், பிதற்றல், புலம்பல், வம்பளத்தல், வெற்றுரை என்னும் இவை மேலோடு நோக்குவார்க்கு ஒருபொருட் பன்மொழிபோலத் தோன்றும். நுணுகி நோக்குவார்க்கோ ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறையைச் சுட்டி நிற்றல் புலனாம். நாத் திருந்தாமையால் எழுத்துக்கள் ஒன்றோடொன்று கலந்து ஒலிப்பது குழறல். இது கருவியின் குறை. உறக்கத்தாலோ அச்சத்தாலோ கள்ளாலோ முன்னும் பின்னும் இயையாது வருவது உளறல். இது முறையின் குறை. கேட்பார் வேண்டும் அளவின்மேற் சொற் பெருகுவது அலப்பல். இது குறையன்று, மிகை. பிதற்றலாவது, சொல்லுவான் தன் சொல்லின்மேல் ஆட்சி இழப்ப, சொல்லே அவனை ஈர்த்துச் செல்ல, விடாது பேசுதல். காய்ச்சல் மிகுதியாற் கிடப்போன் பேச்சையும் பித்தேறியோன் பேச்சையும் பிதற்றல் என்றே உலகம் வழங்குகின்றது. பித்து என்னுஞ் சொல்லோடு இஃது ஒலியானும் பொருளானும் அணுகி நிற்றலைக் கேட்போர் யாவரும் உணர்வர். ஆகவே பிதற்றல் என்னும் பெயர் சொல்லப்பட்ட பொருளைப்பற்றி எழுந்ததன்று. சொல்லுவானது நிலையைப்பற்றி எழுந்ததாகும். ஒருவன் பேச்சைப் பிதற்றல் என்னும்பொழுது நாம் அவன் கூற்றை மறுத்தேம் அல்லேம், அவனையே மறுத்தேம். இவ்வேறுபாட்டை நினைவில் இருத்துதல் வேண்டும்.

இனி, வழக்கிற் பயிலும் வேறு சில சொற்களை நோக்குவாம். தொணதொணப்பு, வளவளப்பு, சளசளப்பு என்பன பயனில் பேச்சின் பெயர்களே. இவை இரட்டைக்கிளவியினின்றும் பிறந்தவை. வெறும் ஒலிக்குறிப்பினவன்றி வேறு பொருளுடையன அல்ல. நல்ல பேச்சுக்கு அறிவுரை, அறவுரை, தேற்றம், வாழ்த்து என்று பொருள்பற்றிப் பெயரிட்ட மக்கள், பயனில் பேச்சுக்கு மாத்திரம் ஒலிபற்றிப் பெயரிட்டது என்னையெனின், பொருள் நீங்கியவிடத்து எஞ்சி நிற்பது ஒலியே ஆகலான் என்க. நெல்லினின்றும் அரிசி நீங்கியபின் எஞ்சுவது உமியென்று பெயர்பெறுதல்போல, சொல்லினின்றும் பொருள் நீங்கியபின் எஞ்சுவது வளவளவென்று பெயர்பெற்றது. திருவள்ளுவனாரும் பயனில்சொல்லைப் பாராட்டுவானைக் குறித்தற்குப் பதர் என்னும் பொருள்படும் பதடி என்னும் பெயரையே தேர்ந்தெடுத்தமை ஈண்டு ஒப்பு நோக்கத்தக்கது.

ஒலிபற்றிப் பெயரிடும் இவ்வழக்கம் தமிழர்க்கே உரியதன்று. பண்டைக் கிரேக்கர் தம் மொழி பேசாதாரைப் 'பார்பரோய்' என்று அழைத்தனர். அயலார் பேச்சு அவர் செவிக்குப் 'பர்பர்' என்று ஒலித்தமையின் அப்பெயர் உண்டாயிற்று. முதலில் நாத் திருந்தாது பேசுவாரைக் குறித்து ஒலிக்குறிப்பாக எழுந்த சொல், பின்னர் வேற்றுமொழியாளர் அனைவர்க்கும் ஆயிற்று என்று ஸ்திராபோ என்னும் கிரேக்க நிலநூலாசிரியர் தம் நூலின் பதினான்காம் புத்தகத்தில் விளக்கியிருக்கின்றார். வடமொழியில் மிலேச்சர் என்னுஞ் சொல்லின் வரலாறும் இத்தகையதே. தெளிவில்லாத ஒலி என்னும் பொருளிலேயே அதன் தாதுவை வடமொழித் தாதுபாடம் கூறுகின்றது. தமக்கு விளங்காமை என்னும் தம் குறையை, விளங்கப் பேசாமை என்னும் பிறர் குறையாக மாற்றிக்கொள்ளுதல் மக்களுள்ளத்துக்கு இயல்பாயிற்று. விளங்காமை பின் இழிவாயிற்று. இழிவு பின் பகையாயிற்று. ஒலிக்குறிப்பொன்று ஓர் இனத்தையே தாழ்த்தும் பெயராய் வளர்ந்த வரலாறு இதுவாகும்.

ஆயினும், அறிவுடையோர் இவ்வழியிற் செல்லாமையும் உண்டு. மீமாஞ்சை நூலார், வேதத்துள் வந்து ஆரியர் வழக்கிற் பொருள் விளங்காத பிகம், நேமம், தாமரசம் முதலிய சொற்களுக்கு மிலேச்சர் வழக்கில் உள்ள பொருளையே கொள்ளுதல் வேண்டும் என்று முடிவு செய்தனர். பிகம் குயில், நேமம் பாதி, தாமரசம் தாமரை. தெளிவில்லாத பேச்சினர் என்று பெயரிடப்பட்டவர்களே வேதச்சொல்லின் பொருளைக் காத்துவைத்திருந்தனர் என்பது எத்துணை வியப்புடைத்து! ஏழாம் நூற்றாண்டினராகிய குமாரிலபட்டர் இவ்விடத்துத் திராவிடச் சொற்களையே எடுத்துக்காட்டி, அவற்றை வடமொழியாகத் திரித்துப் பொருள் கூறுவாரை எள்ளுகின்றார். சோறு என்னுஞ் சொல்லைக் கேட்டுச் சோரன் என்றும், வழியைக் குறிக்கும் அதர் என்பதைக் கடத்தற்கரியது என்றும், பாம்பைப் பாபம் என்றும், வயிற்றை வைரி என்றும் கொண்டு, 'பசித்தவன் தகாதன செய்தலின் வயிறு பகையே' என்றாற்போலக் காரணமுங் கற்பித்தார் சிலர் என அவர் காட்டுகின்றார். இதனால் அறியப்படுவது யாதெனின், பிறர் சொல்லைப் பொருளற்றதென்று தள்ளுதல் ஒரு குற்றம். அதனைக் கேளாது, நம் கருத்தையே அதனுள் நுழைத்துப் பொருளுண்டென்று மகிழ்தல் மற்றொரு குற்றம் என்பது. இரண்டிடத்தும் சொல்லியவன் கேட்கப்படவில்லை.

நம் பழந்தமிழ்ப் புலவர் ஒருவர் இவ்விடத்துக் காத்த நடுநிலைமையையும் ஈண்டுக் கூறல் தகும். காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டிலே, பாசறையில் அரசன் பள்ளியறையைச் சூழ்ந்து காக்கும் மிலேச்சர் கூறப்படுகின்றனர். தமிழ் அறியாத அவர்களை அப்புலவர் பிதற்றுவோர் என்றிலர்; நாவாற் கூறாது உடம்பினாலே கருத்தை உணர்த்துவோர் என்றே குறித்தனர். மொழி இல்லையென்று காணாது, வேறொரு மொழி உண்டென்று கண்டது அவர் கண். வேற்றுமொழி வழங்கும் நாட்டை 'மொழிபெயர் தேயம்' என்று சுட்டிய சங்கச் சான்றோர் வழக்கும் இத்தகையதே. மொழி மாறிய நாடு என்பதன்றி மொழியற்ற நாடு என்பது அதன் பொருளன்று.

இனித் தொல்காப்பியத்தின்கண் சென்று, இன்று நாம் பயனில் பேச்சுக்கு வழங்கும் இரண்டு சொற்களின் பழம்பொருளைக் காண்பாம். அவை வம்பு, புலம்பு என்பன. இரண்டும் உரியியலிலே பொருள் விளக்கப்பட்டுள்ளன.

வம்பு என்பதற்கு ஆசிரியர் கூறும் பொருள் நிலையின்மை. இன்று தோன்றி இன்றே மறைவது வம்பு. பருவமல்லாத காலத்திற் பெய்யும் மழை வம்பமாரி எனப்பட்டது. குறுந்தொகைச் செய்யுளொன்றிலே, தலைவன் வருதற்குரிய கார்காலம் வந்தும் அவன் வந்திலனே என்று வருந்துந் தலைவியைத் தோழி தேற்றுகின்றாள். இது காரன்று, வம்பமழை. இதனைக் காரென மயங்கிக் கொன்றைதான் அறியாது பூத்தது என்பது அவள் கூற்று. நிலையற்ற மழையைக் குறித்த இச்சொல், நிலையற்ற பேச்சைக் குறித்து வம்பளத்தல் என வந்தமை மிகப் பொருத்தமுடைத்து. வம்புப் பேச்சும் பருவமல்லாத மழையே. சொல்லியவன் அதனைச் சொல்லிய மாத்திரத்தில் மறந்துவிடுகின்றான். கேட்டவன் அதனை மெய்யென்று நம்பி மலர்கின்றான், அல்லது வாடுகின்றான். மழை நின்றபின் தளிர்த்த கொம்பு என்செய்யும்? இக்காலத்தே கைப்பேசி வழியாக ஒரு நொடியில் ஆயிரம் பேர்க்குச் செல்லும் வதந்திகளைக் காண்போர்க்கு, ஊரிலுள்ள கொன்றை முழுதும் ஒருங்கே பூத்து ஒருங்கே உதிர்தல் கண்கூடு.

புலம்பு என்பதற்கு ஆசிரியர் கூறும் பொருள் தனிமை. இஃது ஆழ்ந்து நோக்கற்பாலது. முதற்கண் தனித்திருத்தலைக் குறித்த சொல், பின்னர்த் தனித்திருப்போரது அழுகையைக் குறித்தது. அதன்பின்னர் வாய்விட்டு அரற்றுதலைக் குறித்தது. இந்நாளில் 'சும்மா புலம்பாதே' என்று பயனின்றிப் பேசுதலைக் குறித்து நிற்கின்றது. சொல்லின் பொருள் படிப்படியே இறங்கிய இவ்வரலாற்றைத் திருப்பிப் படிப்போமாயின் ஓர் உண்மை புலப்படும். பயனில் பேச்சென்று நாம் இகழ்வது, கேட்பாரற்ற பேச்சாக இருந்தது; கேட்பாரற்ற பேச்சு, துணையற்ற உள்ளமாக இருந்தது. திண்ணையின் மூலையில் இருந்துகொண்டு தமக்குத் தாமே பேசும் முதியோரைப் புலம்புகின்றார் என்கின்றோம். அவர்தஞ் சொல்லிற் பொருள் இல்லாமையாற் புலம்பினாரோ, கேட்போர் இல்லாமையாற் புலம்பினாரோ என்று வினவுதல் வேண்டும். தொல்காப்பியனார் விடை வெளிப்படை: புலம்பு தனிமையே. பத்திரகிரியார் தம் நூலுக்கு மெய்ஞ்ஞானப் புலம்பல் என்று பெயர்பெறப் பாடியதும், பட்டினத்தார் பாடல்களுள் ஒருபகுதி அருட்புலம்பல் எனப்பட்டதும் இச்சொல்லின் பழம்பெருமை முற்றும் அழிந்திலது என்பதனைக் காட்டும்.

இனி, ஒரு பேச்சைப் பொருளற்றதென்று தீர்ப்புச் செய்தற்கு நெறி ஏதேனும் உண்டோவெனின், உண்டு. கௌதமர் இயற்றிய நியாயசூத்திரம் வாதத்தில் ஒருவன் தோல்வியுறுதற்குரிய தோல்வித்தானங்கள் இருபத்திரண்டினைக் கூறுகின்றது. அவற்றுள் நம் ஆராய்ச்சிக்கு வேண்டுவன நான்கு. எழுத்துக்களை வரிசையாக ஒலித்தாற்போல ஒருபொருளும் பயவாத சொற்களைக் கூறுதல் நிரர்த்தகம். தனித்தனியே பொருளுடையவாயினும் தம்முள் இயையாத சொற்களை அடுக்குதல் அபார்த்தகம். மாதுளம்பழம் பத்து, அப்பம் ஆறு என்றாற்போல இயைபின்றி எண்ணிச் செல்லுதல் இதற்கு உரையாளர் காட்டும் எடுத்துக்காட்டாம். மூன்றாவது, அவிஞ்ஞாதார்த்தம், அஃதாவது பொருள் விளங்காமை. நான்காவது, அஞ்ஞானம், அஃதாவது கேட்டவன் உணராமை.

இவற்றுள் மூன்றாவதன் இலக்கணம் நெஞ்சிற் பொறித்துக் கொள்ளத்தக்கது. வாதி கூறியதை அவையோரும் எதிர்வாதியும் ஒருங்கே உணராராயின், அவன் மூன்றுமுறை கூறிய பின்னரே அது விளங்காக் கூற்றென்று கொள்ளப்படும். ஒருமுறை கேட்டு எழுந்துபோதல் முறையன்று. இருமுறை கேட்டு நகைத்தலும் முறையன்று. வெற்றி தோல்வியே குறியாகக் கொண்டு, பகைவர்போல எதிரெதிர் நின்று வாதிடுவார்க்கும் மூன்றுமுறை கேட்கக் கடவீர் என்று விதித்தது அந்நூல். நான்காவதன் இலக்கணமோ இதனினும் கூரிது. அவையோர்க்கு விளங்கியதொன்று எதிர்வாதிக்கு விளங்கவில்லையாயின், தோல்வி சொல்லியவனுடையதன்று, கேட்டவனுடையதாம். ஆகவே விளங்காமை கண்டவிடத்தெல்லாம் குற்றம் சொல்லுவான்மேலதே என்று துணிதல் கூடாது. அது கேட்பான்மேலதாதலும் உண்டென்பது நூன்முடிபு.

இந்நெறியை வீட்டின்கண் வைத்துக் காண்பாம். நோயாற் படுக்கையிற் கிடக்கும் மூதாட்டி ஒருத்தி, 'கிழக்குக் கொல்லை, ஏழு மரக்கால், காத்தாயி' என்று இரவும் பகலும் சொல்லிக்கொண்டிருக்கின்றாள் என வைத்துக்கொள்க. மாதுளம்பழம் பத்து, அப்பம் ஆறு என்பதற்கும் இதற்கும் வேற்றுமை தோன்றவில்லை. பாட்டி பிதற்றுகின்றாள் என்று மக்கள் அப்பாற் செல்வர். பேர்த்தி ஒருத்தி மாத்திரம் அருகிருந்து, 'காத்தாயி யார், ஆத்தா?' என்று வினவுகின்றாள், மறுநாளும் வினவுகின்றாள், மூன்றாம் நாளும் வினவுகின்றாள். பஞ்சகாலத்திலே கிழக்குக் கொல்லைக்காரி காத்தாயியிடம் ஏழு மரக்கால் நெல் கடன் வாங்கியதும், அது திருப்பப்படாமையும் அப்பொழுது வெளிப்படுகின்றன. கடனோடு இறத்தற்கு அஞ்சிய அறவுள்ளத்தின் குரல் அது. சொற்றொடர் உடைந்திருந்தது, அறம் உடையவில்லை. மூன்றுமுறை கேட்டவட்கு அது மரணசாசனமாயிற்று, கேளாதவர்க்குப் பிதற்றலாயிற்று. சொல் ஒன்றே, கேள்வி வேறு.

சைவநூல்கள் வாக்கினைச் சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என நான்காக வகுத்தலும் இதனை விளக்குதற்குத் துணைசெய்யும். செவிக்குப் புலனாவது வைகரி ஒன்றே. மத்திமை உள்ளத்தே சொல் வரிசைப்பட்டு நிற்கும் நிலை. பைசந்தியிலே, மயில் முட்டையின் நீரில் தோகையின் நிறமெல்லாம் பிரிவின்றி அடங்கிக் கிடத்தல்போல, எழுத்துக்கள் வேறுபடாது அடங்கி நிற்கும் என்பர். எனவே வைகரி சிதைந்தவிடத்து உள்நின்ற கருத்தும் சிதைந்ததென்று துணிதற்கு இடமில்லை. குழந்தையின் மழலையிலும், நாத்தளர்ந்த முதியோர் குழறலிலும், துயரமிகுதியாற் சொல் தடுமாறுவோர் பேச்சிலும் மயில் உள்ளே உண்டு. தோகை விரியவில்லை என்பதே குறை. குழலும் யாழும் இனியவென்பார் தம் மக்கள் மழலை கேளாதவர் என்று வள்ளுவனார் கூறியது, பொருள் திருந்தாத ஒலியையும் அன்புடைய செவி பொருளாக்கும் என்பதனை உணர்ந்தேயாம்.

அற்றேல், பயனில்சொல் என்பது ஒன்றும் இல்லையோ? எல்லாப் பேச்சும் பொருளுடையதே எனின், பயனில சொல்லாமை என்று ஓரதிகாரம் வகுத்தது என்னை? எனின், கூறுதும்.

மனுநூல் வாக்கினால் வரும் தீவினைகளைக் கடுஞ்சொல், பொய், கோள், இயைபில் பிதற்றல் என நான்காக எண்ணுகின்றது. மணிமேகலையிற் கூறப்படும் பௌத்த அறமும் பொய், குறளை, கடுஞ்சொல், பயனில்சொல் என நான்காகவே எண்ணுகின்றது. வைதிகரும் பௌத்தரும் பிறவற்றில் மாறுபட்டும் இந்நான்கினும் ஒன்றுபட்டனர். இவற்றுள் முதல் மூன்றும் பிறர்க்குத் தீங்கு பயத்தல் வெளிப்படை. நான்காவது யார்க்கு என்ன தீங்கு செய்தது? பொருளற்ற சொல் காற்றிற் கலந்தொழிவதன்றோ? அதனைப் பொய்யோடும் கோளோடும் ஒருங்குவைத்து எண்ணுதல் மிகையன்றோ? என்று வினவுவார் உளர். அவர்க்கு விடை வருமாறு: சொல் சொல்லுவானுக்கு மாத்திரம் உரியதன்று; கேட்போரது வாழ்நாளின் ஒரு பகுதியும் அதற்கு விலையாகக் கொடுக்கப்படுகின்றது. பயனில்சொல்லாற் கவர்ந்த நாழிகையைத் திருப்பித் தருவார் இல்லை. பொய் மெய்யைக் கெடுக்கும். பயனில்சொல் மெய் நுழைதற்குரிய இடத்தையே அடைத்துக்கொள்ளும். பலர்முன் பயனில சொல்லுதல் நட்டார்க்கு இனியவல்லாதன செய்தலினும் தீதென்று திருவள்ளுவனார் கூறியதன் கருத்து இதுவாதல் வேண்டும்.

ஆயின், அவ்வாசிரியர் கடிந்தது எத்தகைய பேச்சினை என்று தெளிதல் வேண்டும். பேச்சினை ஒழுங்கும் பயனும் பற்றி நான்காகப் பகுத்துக்கொள்க. ஒழுங்கும் பயனும் உடையது ஒன்று; ஒழுங்குண்டு, பயனில்லை என்பது ஒன்று; பயனுண்டு, ஒழுங்கில்லை என்பது ஒன்று; இரண்டும் இல்லை என்பது ஒன்று. முதலாவது சான்றோர் சொல், அதன்கண் வழக்கில்லை. இரண்டாவது, இலக்கணப் பிழையின்றி, எதுகை மோனை செறிய, கேட்போர் கைகொட்ட, நாழிகைக் கணக்காக நடந்து, முடிவில் ஒருவர்க்கும் ஒன்றும் ஈயாது ஒழிவது. மூன்றாவது, வழக்காடத் தெரியாத ஏழை அலுவலர்முன் நின்று தன் குறையை முன்பின்னாகச் சொல்லுதலும், மேற்கூறிய மூதாட்டி சொல்லுதலும் போல்வது. நான்காவது, நோயால் அறிவு கலங்கியோர் பேச்சு. மூளையின் இடப்பக்கத்து ஒரு பகுதி பழுதுற்றால், சொற்கள் தங்குதடையின்றி ஓடியும் பொருள் பயவாது போதலையும், பேசுவோர்க்கே பெரும்பாலும் அக்குறை புலப்படாமையையும், 1874-ஆம் ஆண்டில் ஜெர்மன் மருத்துவராகிய கார்ல் வெர்னிக் என்பார் எழுதி விளக்கினார். அது நோய், நோய்க்கு மருந்தும் இரக்கமும் உரியனவன்றி இகழ்ச்சி உரியதன்று.

இந்நான்கனுள் வள்ளுவனார் கடிந்தது இரண்டாவதனையே. யாங்ஙனம் அறிதுமெனின், பயனை ஆராயும் அறிவினார் பெரும்பயன் இல்லாத சொற்களைச் சொல்லார் என்றும், சான்றோர் நயமில்லாதன சொல்லினும் சொல்லுக, பயனில்லாதன சொல்லற்க என்றும் அவர் கூறுதலான். சொல்லாமல் விடுதற்கு ஆற்றலுடையார்க்கே சொல்லற்க என்னும் விலக்கு பொருந்தும். மழலைக்கும், முதுமைக்கும், நோய்க்கும் விலக்குரை கூறுவார் யார்? ஆகவே பயனில்சொல் என்னும் பழி, அறிவும் அமைதியும் அவகாசமும் உடையனாய், வேண்டுமென்றே வீண்சொற் பெருக்குவானுக்கே உரித்து. உலகமோ இதனை மாற்றிக்கொண்டது. ஒழுங்காகப் பேசும் வீண்பேச்சுக்குச் சொற்பொழிவென்று மாலை சூட்டுகின்றது. ஒழுங்கற்ற மெய்ப்பேச்சுக்குப் பிதற்றலென்று பெயர் சூட்டுகின்றது. பதர் பொன்னிறமாய் இருத்தலாற் பத்தாயத்தில் ஏறுகின்றது. மண் படிந்த மணி தூற்றப்படுகின்றது. இவ்விடத்து நிகழும் அநீதி சிறிதன்று. செல்வன் சொல் திருந்தாதாயினும் அவையிற் செல்லுகின்றது. வறியன் சொல் திருந்தினும் வாயிலில் நின்றுவிடுகின்றது. அவ்வாயிலைத் தாழிடுதற்குப் பயன்படுந் தாழ்களுள் ஒன்று பிதற்றல் என்னும் பெயர்.

இன்னொன்று கூறுதலும் இன்றியமையாதது. இகழ்ச்சிக்கென்று எழுந்த இச்சொல்லை அருளாளர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்டு சிறப்பித்தமை. திருமூலர் தம் திருமந்திரத்துள் ஒரு செய்யுளின் நான்கடியினும் இறைவனைப் பிதற்றுதலை யான் ஒழியேன் என்றே கூறுகின்றார். ஒன்பது தந்திரங்களால் ஆகமப்பொருளை வகுத்துரைத்த யோகியார்க்குச் சொல்லின் ஒழுங்கு தெரியாதென்று கூறுவார் இலர். மற்று, அவர் அச்சொல்லை ஆண்டது என்னையெனின், முன்னர் நாம் கூறிய இலக்கணம் இங்கே பொருந்துதல் காண்க. பிதற்றலாவது சொல்லுவான் ஆட்சி நீங்கச் சொல்லே அவனை ஈர்த்துச் செல்லுதல். சொல்லுக்கு அடங்காத பொருளைச் சொல்லப் புகுந்தார்க்கு நேர்வதும் இதுவே. நோயாளன் சொல் அறிவுக்குக் கீழே நின்று சிதறுகின்றது. அருளாளன் சொல் அறிவுக்கு மேலே சென்று சிதறுகின்றது. புறத்தே நின்று செவியொன்றே கருவியாகக் கேட்பவனுக்கு இரண்டும் ஒன்றே. ஆகவே இச்சொல்லைப் பிறர்மேல் எறிதற்கு முன்னர், நாம் கீழே சிதறுவதைக் கேட்கின்றோமோ, மேலே சிதறுவதைக் கேட்கின்றோமோ என்று அறியும் அறிவு நமக்கு உண்டோ என்று நம்மையே வினவிக்கொள்ளல் வேண்டும்.

இதுகாறும் கூறியவாற்றாற் போந்த பொருளைத் தொகுத்துரைப்பாம். பயனில் பேச்சின் பெயர்களுட் சில ஒலியைச் சுட்டின; சில நிலையாமையைச் சுட்டின; சில தனிமையைச் சுட்டின; பிதற்றல் என்பது பேசுவானது மனநிலையைச் சுட்டிற்று. ஒன்றேனும் கேட்போன் நிலையைச் சுட்டவில்லை. பெயரிடும் உரிமை எஞ்ஞான்றும் கேட்போன் கையதாய் இருந்தமையே அதற்குக் காரணம். அக்குறையை நிரப்புதற்கே நியாய நூலார் மூன்றுமுறை கேட்டலை விதித்தனர். கேட்டவன் உணராமையையும் தோல்வியென்று எண்ணினர். திருவள்ளுவனாரும் அறத்துப்பாலிற் பயனில சொல்லாமை வகுத்ததனோடு அமையாது, பொருட்பாலிற் கேள்வி என்று வேறோரதிகாரமும் வகுத்து, நுண்ணிய கேள்வி இல்லாதார்க்கு வணக்கமுடைய வாய் வாய்த்தல் அரிதென்றும் உணர்த்தினார். ஒன்று நாவுக்கு விதி. மற்றொன்று செவிக்கு விதி. நாவின் விதியைப் பிறர்க்கு ஓதி, செவியின் விதியைத் தமக்கு நெகிழ்த்துக் கொள்ளுதல் உலகியல்பு. அதனை மாறிக் கொள்ளுதல் அறவோர் இயல்பு. நம் நாவுக்குப் பயனில சொல்லாமையை விதித்து, நம் செவிக்கு மூன்றுமுறை கேட்டலை விதிப்போமாக. அங்ஙனம் விதித்தபின்னர், பிதற்றல் என்னும் இச்சொல்லைப் பிறர்மேற் கூறுதற்கு நமக்கு வாய்க்கும் இடங்கள் மிகச் சிலவாகவே எஞ்சும்.